நார்வே இசை: எங்கே ஆரம்பிப்பது, எப்படித் தொடர்வது?

புதுக்காது | 2025 பிப்ரவரி 8, இரவு 9.40

நார்வேன்னா எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு அ-ஹாவோட ‘டேக் ஆன் மீ’. இன்னொண்ணு மூஞ்சில வெள்ளையும் கறுப்பும் பூசிக்கிட்டு சர்ச்சுக்குத் தீ வெச்ச கூட்டம். ஐம்பத்தஞ்சு லட்சம் சொச்சம் ஜனம் இருக்கிற நாட்டுல இதுக்கு மேல என்ன இருந்துடப் போகுது? இருந்தா ஒரு பட்டியல் போடுங்க, கேக்குறேன். பத்துக்கு மேல வேண்டாம்.

பின்னட்டை | பிப்ரவரி 8, இரவு 10.25

பட்டியல் தரமாட்டேன். பத்துப் பேர் பெயரை எழுதினால் பதினோராவது ஆளைத் தேட வழி இருக்காது.

ஜனம் குறைவு என்பதுதான் இங்கே வசதி. அதனால்தான் ஒரே ஆள் நாலு வகை இசையில் கை வைத்திருப்பார். மெட்டல், ஜாஸ், எலக்ட்ரானிக் என்று வகையைப் பிடித்துக்கொண்டு தேடினால் எல்லா ஊர்க்காரர்களும் போகிற பத்து பேண்டோடு நின்றுவிடும். ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் நிற்கவே நிற்காது.

ஒரு சங்கிலி சொல்கிறேன். ஜாகா ஜாஸிஸ்ட் என்று ஒரு பெரிய குழு, டன்ஸ்பெர்க் ஊர், 1994இல் ஆரம்பம். ஜாஸும் எலக்ட்ரானிக்கும் ராக்கும் கலந்தது. ‘எ லிவிங்ரூம் ஹஷ்’ ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். அதில் சாக்ஸபோன் வாசித்த யோர்கன் முன்கெபி வெளியே போய் ஷைனிங் என்ற குழுவை நடத்தினார். 2010இல் அவர்களுடைய ‘பிளாக்ஜாஸ்’. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: சாக்ஸபோனோடு மெட்டல். அதே 2010இல் எம்பரர் குழுவின் இசான் தனியாகப் போட்ட ‘ஆஃப்டர்’ ஆல்பத்திலும் சாக்ஸபோன் இவர்தான். ஆக மூன்றே தாவலில் ஜாஸ் குழுவிலிருந்து பிளாக் மெட்டலின், அதாவது நீங்கள் சொன்ன அந்தச் சர்ச் எரித்த கூட்டத்து இசையின், நடுவீட்டுக்கு வந்தாகிவிட்டது.

ஜாகாவில் ட்ரம்பெட் வாசித்த மத்தியாஸ் ஐக்கைப் பிடித்திருந்தால் நேர் எதிர்த்திசை. 2008இல் ஈசிஎம் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ‘த டோர்’ என்று மென்மையான ஓர் ஆல்பம். அங்கிருந்து நார்வே ஜாஸ் முழுக்கத் திறக்கும்.

இரும்புச்செவி | பிப்ரவரி 8, இரவு 11.02

சாக்ஸபோன் வாசிச்சா அது பிளாக் மெட்டலே கிடையாது. அவ்வளவுதான் சொல்லுவேன்.

பின்னட்டை | பிப்ரவரி 8, இரவு 11.10

தெரியும், நீங்க வருவீங்கன்னு.

பின்னட்டை | பிப்ரவரி 9, காலை 7.15

தனிமடலில் இரண்டு பேர் “ஆளை எப்படிப் பிடிப்பது” என்று கேட்டிருந்தார்கள். செய்முறை இதுதான்.

ஸ்பாட்டிஃபை மாதிரி செயலிகளில் பாட்டுக்குப் பக்கத்து மூன்று புள்ளியைத் தொட்டால் கிரெடிட் வரும். பாடியவர், எழுதியவர், தயாரித்தவர், பெரும்பாலும் அத்தோடு சரி. ஒலிப்பதிவாளர் யார், எந்த ஸ்டுடியோ, பக்கவாத்தியம் யார் என்பதெல்லாம் அநேகமாக இருக்காது. நமக்கு வேண்டியதே அந்த மூன்றும்தான். அதனால் கேட்பதற்குச் செயலி, தேடுவதற்கு இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்துவைக்கும் டிஸ்காக்ஸ் தளம்.

டிஸ்காக்ஸில் ஆல்பத்தின் பொதுப் பக்கத்தோடு நிற்காதீர்கள். கீழே பதிப்புகளின் வரிசை இருக்கும், அதில் மிகப் பழைய பதிப்பைத் திறக்க வேண்டும். மறுபதிப்புப் பக்கங்களில் பல நேரம் ரீமாஸ்டர் செய்தவர் பெயர் மட்டும் இருக்கும், மூலப் பதிவு செய்தவர் விடுபட்டிருப்பார். பழைய பதிப்பில் ஒலிப்பதிவாளர் பெயரைத் தொட்டால் அவர் பக்கம் வரும். அங்கே ‘கிரெடிட்’ பகுதிக்குள் ‘டெக்னிக்கல்’ என்ற பிரிவைத் திறந்து, ஆண்டுவாரியாக அடுக்குங்கள். நீங்கள் விரும்பிய ஆல்பத்துக்கு முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகளில் அவர் வேறு என்ன பதிவு செய்தார் என்று பாருங்கள். அடுத்து கேட்கவேண்டியது அதில் இருக்கும்.

எங்கே தப்பாகும்? ஒரே பெயரில் பலர். ஷைனிங் என்ற பெயரில் ஸ்வீடனில் ஒரு மெட்டல் குழு உண்டு, இந்த நார்வே ஷைனிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செயலிகளில் இப்படிப்பட்ட இருவரின் ஆல்பங்களும் ஒரே பக்கத்தில் விழுவதுண்டு. டிஸ்காக்ஸில் ஒரே பெயர்க்காரர்களுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எண் போட்டுப் பிரித்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரோரா, ஆன்னி, வாம்ப், எம்பரர் எல்லாமே இந்தச் சிக்கலில் மாட்டுகிற பெயர்கள். பெயரோடு ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு தொல்லை எழுத்து. நார்வே அகரவரிசையில் கடைசி மூன்று எழுத்துகள் தனி: ஏ-ஈ ஒட்டியது, குறுக்குக்கோடு போட்ட ஓ, தலையில் வட்டம் வைத்த ஏ. சில தேடல் பெட்டிகள் இவற்றைச் சாதா ஓ, சாதா ஏ என்று எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. கிடைக்கவில்லையென்றால் குறுக்குக்கோட்டு ஓவுக்கு ஓ-ஈ என்றும், வட்டம் வைத்த ஏவுக்கு இரண்டு ஏ என்றும் அடித்துப் பாருங்கள். ரொய்க்ஸாப் என்ற எலக்ட்ரானிக் குழு மட்டும் விதிவிலக்கு. அவர்கள் மேலே இரண்டு புள்ளி வைத்த ஓவைத்தான் பயன்படுத்துகிறார்கள், நார்வே எழுத்தைப் போட்டுத் தேடினால் சில இடங்களில் சிக்காது.

புதுக்காது | பிப்ரவரி 9, காலை 9.30

பாட்டு கேக்க வந்தவனை நூலகர் ஆக்கிட்டீங்களே. சரி, சர்ச் எரிச்சவங்க கதை?

பின்னட்டை | பிப்ரவரி 9, இரவு 8.50

கதை எல்லாருக்கும் தெரியும், இசையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சுருக்கமாக: பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரச் சர்ச் 1992 ஜூன் 6இல் எரிந்தது. மேஹெம் குழுவின் யூரோனிமஸை பர்ஸும் என்ற பெயரில் தனியாளாக இசைத்துவந்த வார்க் விகெர்னெஸ் 1993 ஆகஸ்ட் 10இல் கொன்றார், 21 ஆண்டு தண்டனை. அவர்தான் ஃபான்டாஃப்டை எரித்தார் என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். தண்டனை கிடைத்தது வேறு சர்ச்சுகளுக்காக, ஃபான்டாஃப்ட் வழக்கில் அவர் மேல் குற்றம் தீர்ப்பாகவில்லை. சர்ச்சைத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

மேஹெமின் ‘டே மிஸ்டீரியிஸ் டோம் சதானாஸ்’ 1994இல் வந்தது. கொலையானவர் கிட்டார், கொன்றவர் பாஸ், இரண்டு பேரும் ஒரே தட்டில். பாடியது ஹங்கேரிக்காரர் அட்டிலா சிஹார். இதை ஒலிப்பதிவு செய்த இடத்தைப் பாருங்கள்: பெர்கனின் கிரீகாலன், அதாவது நகரத்தின் பெரிய சிம்பொனி அரங்கம். ஒலிப்பதிவாளர் பெயர் பிட்டன். இந்தப் பெயரை டிஸ்காக்ஸில் தொட்டால் எம்பரரின் ‘இன் த நைட்சைட் எக்லிப்ஸ்’, பர்ஸும், இம்மார்ட்டல், என்ஸ்லேவ்ட் என்று வரிசையாக விழும். டிரம்ஸ் சத்தம் எங்கோ தூரத்துச் சுவரில் மோதித் திரும்புகிற மாதிரி இருக்கிறதே, அது அந்தக் கட்டடத்தின் பங்கு.

இதற்கு நேர் எதிர் டார்க்த்ரோன். கொல்பாட்ன் என்ற ஊர். ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ 1994, நாலு தடம் கேசட் கருவியில் ஃபென்ரிஸ் ஒரே ஆளாக எல்லா வாத்தியத்தையும் பதிவு செய்தார், நொக்டர்னோ குல்டோ பாடினார். பாஸ் கிட்டத்தட்டக் கிடையாது. புதிதாகக் கேட்பவர்கள் செய்கிற முதல் வேலை ஈக்வலைசரில் கீழ்ப்பகுதியைத் தூக்குவது. தூக்கினால் கேட்கப்போவது பதிவில் இருக்கிற இரைச்சலைத்தான், இல்லாத பாஸ் வராது. அதைவிட ஒலியளவைக் குறைத்து வையுங்கள். இரண்டு மூன்று சுரம் திரும்பத் திரும்பச் சுழல்வது அப்போதுதான் பிடிபடும். ஹெட்ஃபோனைவிடச் சின்ன ஸ்பீக்கரே இதற்கு மேல்.

பர்ஸுமின் ‘ஃபிலோசோஃபெம்’ 1993இல் பதிவாகி 1996இல் வந்தது. இருப்பதிலேயே மோசமான மைக் எது என்று கேட்டு ஒரு ஹெட்செட் மைக்கில் பாடியது. காசு அந்த ஆளுக்குப் போகக்கூடாது என்று நினைப்பவர்கள் பழைய தட்டுக் கடையில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், பிளாக் மெட்டலுக்குள் வர அந்த வாசல் தேவையே இல்லை.

இரும்புச்செவி | பிப்ரவரி 9, இரவு 9.20

பின்னட்டைண்ணே, ‘ஃபிலோசோஃபெம்’ இல்லாம இந்த வகையைப் பத்திப் பேசுறது பாதிப் பேச்சு. அந்தாளு அரசியல் குப்பைதான், மறுக்கல. ஆனா கிட்டார் ஆம்ப்ளிஃபயரே இல்லாம வீட்டு ஸ்டீரியோவையும் ஃபஸ் பெடலையும் வெச்சு எடுத்த ஓசைய அதுக்கப்புறம் பாதி உலகம் காப்பி அடிச்சுது.

இன்னொண்ணு. டார்க்த்ரோன் ஃபென்ரிஸை அந்த ஊர்க்காரங்க உள்ளாட்சி மன்றத்துக்கு மாற்று உறுப்பினரா தேர்ந்தெடுத்தாங்க. பூனையை மடியில வெச்சுக்கிட்டு “தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போடாதீங்க”ன்னு பிரசாரம். ஜெயிச்சுட்டார். இதை எழுதாம விட்டா தப்பு.

பின்னட்டை | பிப்ரவரி 9, இரவு 9.45

காப்பி அடித்தது உண்மை. வாதம் ஓசையைப் பற்றியதல்ல, வாசலைப் பற்றியது. விடுங்க, இந்தச் சண்டை எந்த இழையிலும் முடிந்ததில்லை.

வாசல் என்று கேட்டால் மூன்று சொல்வேன். மெலடி வேண்டுமென்றால் விண்டிர், சோக்ன்டால் ஊர்க்காரர்கள், அந்தப் பக்கத்து வட்டார வழக்கிலேயே நிறையப் பாட்டு, நாட்டுப்புற மெட்டும் உள்ளே இருக்கும். ‘ஆர்ன்டர்’ 1999, ‘1184’ 2001. குழுவை நடத்திய வால்ஃபார் 2004 ஜனவரியில் குடும்பத்தின் மலைக்குடிலுக்கு நடந்து போகும்போது பனிப்புயலில் சிக்கி இறந்தார், குழுவும் அத்தோடு முடிந்தது. நீளமாக, பிங்க் ஃபிளாய்ட் பக்கம் சாய்கிற மாதிரி வேண்டுமென்றால் என்ஸ்லேவ்டின் ‘பிலோ த லைட்ஸ்’ 2003 அல்லது ‘ஈசா’ 2004. ஆரவாரம் மட்டும் போதும், சாத்தான் வேண்டாம் என்றால் ஸ்டாவங்கர் நகரத்துக் குவெலர்டாக், 2010 முதல் ஆல்பம், முழுக்க நார்வே மொழியில் ராக் அண்ட் ரோல்.

உல்வர் குழுவுக்குத் தனிப் பத்தி வேண்டும். ‘பெர்க்டாட்’ 1995 மெட்டல், ‘குவெல்ட்சாங்கர்’ 1996 வெறும் அக்கூஸ்டிக் கிட்டாரும் குரல்களும், ‘நாட்டென்ஸ் மாட்ரிகால்’ 1997 காதைக் கிழிக்கும் மெட்டல், 2000இல் ‘பெர்டிஷன் சிட்டி’ நள்ளிரவு எலக்ட்ரானிக், 2017இல் ‘தி அசாசினேஷன் ஆஃப் ஜூலியஸ் சீசர்’ டெபெஷ் மோட் பக்கத்து பாப். செயலி இவர்களைக் கலைத்துப் போட்டு ஓட்டினால் ஐந்து குழு கேட்கிற மாதிரி இருக்கும். ஷஃபிளை அணைத்துவிட்டு ஆல்பமாகக் கேளுங்கள்.

வடகடல் | பிப்ரவரி 10, மாலை 6.05

நான் ஒஸ்லோவில இருக்கிறன். இஞ்ச எங்கட சனம் கனபேர் இருக்கினம், பிள்ளையள் இசையிலயும் வந்திட்டினம். ‘9 கிராடர் நூர்’ எண்டொரு குழு. திருச்செல்வம் சகோதரியள், மீரா புல்லாங்குழல், டிஃபா கிட்டார். ஒன்பது பாகை வடக்கு எண்டது யாழ்ப்பாணம் இருக்கிற அட்சரேகை. கர்நாடக சங்கீதமும் ஜாஸும் ராக்கும் கலந்து வாசிப்பினம். கேட்டுப் பாருங்கோ.

பின்னட்டை அண்ணை, நீங்கள் ஜாஸைத் தொட்டும் தொடாமலும் விட்டிட்டியள்.

பின்னட்டை | பிப்ரவரி 10, இரவு 10.40

வடகடல் தங்கச்சியோ தம்பியோ, சரியாகப் பிடித்தீர்கள். ஜாஸ்தான் இந்த நாட்டின் பெரிய தோட்டம், நான் வாசலில் நின்று மெட்டல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பிடிக்க வேண்டிய பெயர் யான் எரிக் காங்ஸ்ஹாவ்க். ஒலிப்பதிவாளர், கிட்டாரும் வாசிப்பார். 1970இல் சாக்ஸபோன்காரர் யான் கார்பாரெக்கின் ‘ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்’ ஆல்பத்தை ஒஸ்லோவில் ஈசிஎம்முக்காகப் பதிவு செய்தார். அதற்கப்புறம் 2019இல் இறக்கும்வரை அந்த நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கில். 1984 முதல் ஒஸ்லோவில் அவருடைய ரெயின்போ ஸ்டுடியோ. உலகம் ‘நார்டிக் ஓசை’ என்று எதைச் சொல்கிறதோ, அதில் பாதி இவர் வைத்த மைக்கும் இவர் விட்ட எதிரொலியும்.

நம்ம பக்கத்துச் சம்பந்தம் இங்கேயே இருக்கிறது. வயலின் எல். சங்கரின் ‘சாங் ஃபார் எவ்ரிஒன்’ 1985இல் வந்தது. சங்கர், கார்பாரெக், ஜாகிர் உசேன், திரிலோக் குர்ட்டு. ஜாகிரின் ‘மேக்கிங் மியூசிக்’ 1987: ஹரிபிரசாத் சௌராசியா, ஜான் மெக்லாக்லின், கார்பாரெக். இரண்டும் பதிவானது அதே ரெயின்போ ஸ்டுடியோவில். புதுக்காது, நீங்கள் கர்நாடக சங்கீதம் கேட்பவர் என்றால் அ-ஹாவை விட்டுவிட்டு இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கேட்கிற முறை: ஈசிஎம் சிடிக்கள் பாட்டு ஆரம்பிக்கும் முன் சில நொடி மௌனம் வைக்கும். செயலியில் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் ஆரம்பத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் போட்டிருந்தால் அதைத் தின்றுவிடும், அணையுங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் நார்மலைஸ் வசதியையும் அணையுங்கள். 2017 நவம்பருக்கு முன் இந்த நிறுவனம் ஸ்ட்ரீமிங்குக்கே வரவில்லை, இப்போது எல்லாம் இருக்கிறது.

அடுத்த தலைமுறை டிரான்ஹெய்ம். அங்கே 1979இல் ஜாஸுக்கென்று ஒரு படிப்பை ஆரம்பித்தார்கள், யாஸ்லின்யா என்பார்கள். ட்ரம்பெட் நில்ஸ் பெட்டர் மோல்வேர், ட்ரம்பெட் ஆர்வெ ஹென்ரிக்சன், பியானோ டூர்ட் குஸ்டாவ்சன் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். மோல்வேரின் ‘க்மேர்’ 1997: ட்ரம்பெட்டுக்குக் கீழே டிரம் அண்ட் பேஸ் தாளம். அதற்கு முந்தின ஆண்டு புகெ வெஸெல்டாஃப்ட் ஜாஸ்லேண்ட் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஜாஸும் கிளப் இசையும் ஒஸ்லோவில் ஒட்டிக்கொண்டது இப்படி.

பின்னட்டை | பிப்ரவரி 11, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு துண்டு விட்டுப்போச்சு. அது இந்த இழையின் மொத்த வாதத்துக்கும் சாட்சி.

சூப்பர்சைலன்ட் என்ற குழு. 1997இல் சேர்ந்தார்கள். ஒத்திகை கிடையாது, வாசிக்கப் போவதைப் பற்றி முன்கூட்டிப் பேச்சும் கிடையாது, மேடையில் ஏறி அப்போதைக்கு வருவதை வாசிப்பது. ரூனெ கிராமஃபோன் நிறுவனத்தின் முதல் வெளியீடே இவர்களுடைய ‘1-3’, 1998, மூன்று சிடி. அதில் ஆரம்பிக்காதீர்கள், சுவரில் தலையை மோதுகிற மாதிரி. ‘6’ என்ற 2003 ஆல்பத்தில் ஆரம்பியுங்கள்.

குழுவின் அப்போதைய டிரம்மர் யார்லெ வெஸ்பெஸ்டாட். அதே ஆள் அதே 2003இல் வந்த டூர்ட் குஸ்டாவ்சன் ட்ரையோவின் ‘சேஞ்சிங் பிளேசஸ்’ ஆல்பத்திலும் டிரம்ஸ். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ஒன்றில் கூரை பிய்யும். மற்றதில் பிரஷ் தோலை உரசுவது மட்டும் கேட்கும், சில இடத்தில் அதுவும் ஊகம்தான். ஒரே கை.

குழுவில் இன்னொருவர் ஹெல்கெ ஸ்டென், டெத்ப்ராட் என்ற பெயரில் தனியாகவும் இயங்குவார். இவர் மோட்டர்சைக்கோவின் 1993 ஆல்பம் ‘டீமன் பாக்ஸ்’ காலத்தில் அந்த ராக் குழுவில் இருந்தவர். கீபோர்டு ஸ்டோலெ ஸ்டோர்லொக்கன் 2012இல் அதே மோட்டர்சைக்கோவோடு சேர்ந்து ‘த டெத் டிஃபையிங் யூனிகார்ன்’ என்று இரட்டை ஆல்பம் போட்டார். ஆக ராக், ஜாஸ், இரைச்சல் மூன்றும் ஒரே டிரான்ஹெய்ம் வட்டம்.

புதுக்காது | பிப்ரவரி 11, மதியம் 1.15

மோட்டர்சைக்கோ தேடிப் பார்த்தேன். ஆல்பம் எண்ணிக்கையைப் பார்த்து மூடி வெச்சுட்டேன்.

பின்னட்டை | பிப்ரவரி 11, மதியம் 1.40

எல்லாருக்கும் அதே பயம்தான். மூன்று போதும்: ‘டிமத்திஸ் மான்ஸ்டர்’ 1994, ‘லிட்டில் லூசிட் மொமென்ட்ஸ்’ 2008 (நாலே பாட்டு, ஒரு மணி நேரம்), அப்புறம் மேலே சொன்ன யூனிகார்ன். மூன்றும் பிடிக்கவில்லையென்றால் மற்றவையும் பிடிக்காது, நிம்மதியாக விடலாம்.

தாளக்கட்டை | பிப்ரவரி 12, இரவு 7.30

எல்லாரும் ஸ்டுடியோ பேசுறீங்க, கிராமத்து வாத்தியத்தை மறந்துட்டீங்க. ஹார்டாங்கர் பிடில்னு ஒண்ணு இருக்கே?

பின்னட்டை | பிப்ரவரி 12, இரவு 11.20

மறக்கவில்லை, தாளம் தெரிந்தவர் யாராவது கேட்கட்டும் என்று வைத்திருந்தேன்.

ஹார்டாங்கர் பிடிலில் வில் படுகிற தந்தி நாலு, அவற்றுக்கு அடியில் தானாக அதிரும் தந்தி நாலோ ஐந்தோ. சிதாரில் தரப் தந்தி இருப்பது போலவே. பிரிட்ஜ் வயலினைவிடத் தட்டை, அதனால் எப்போதும் இரண்டு தந்தி சேர்ந்தே ஒலிக்கும். சுருதி அமைப்பு மட்டும் இருபதுக்கு மேல் உண்டு. ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பிடிலின் நிறம் மாறுவது அதனால்தான்.

தாளக்கட்டை கவனிக்க வேண்டியது ஸ்பிரிங்கார் என்ற மூன்றடி நடனத் தாளம். மூன்றடிதான், ஆனால் மூன்றும் ஒரே நீளம் கிடையாது. டெலெமார்க் வட்டாரத்தில் நீளம், நடுத்தரம், குட்டை. வால்ட்ரெஸ் வட்டாரத்தில் குட்டை, நீளம், நடுத்தரம். நாம் திஸ்ரம் என்று கையில் எண்ண ஆரம்பித்தால் நாலாவது சுற்றில் விலகிவிடுவோம். விலகுவது வாசிப்பவர் தவறு என்று தோன்றும். பிடிலை விட்டுவிட்டு வாசிப்பவரின் கால் தரையில் தட்டும் சத்தத்தைப் பிடியுங்கள், தனி பிடில் பதிவுகளில் அது நன்றாகக் கேட்கும். கால் பிடிபட்டதும் மெட்டு தானாக அதன்மேல் உட்காரும். மெட்ரோனோம் எந்த விதத்திலும் உதவாது.

இங்கிருந்து கிளாசிக்கலுக்கு நேர்வழி இருக்கிறது. டெலெமார்க் பிடில்காரர் க்னூட் டாலெ, தன்னோடு இந்த மெட்டுகள் அழிந்துவிடக்கூடாது என்று இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீகுக்குக் கடிதம் எழுதினார். யோஹான் ஹால்வொர்சன் அவர் வாசிக்கக் கேட்டுச் சுரம் எழுதினார், கிரீக் அதைப் பியானோவுக்கு அமைத்தார். ‘ஸ்லோட்டர்’ ஓபஸ் 72, 1903. பிடில் மெட்டையும் பியானோ வடிவத்தையும் சேர்த்தே தருகிற பதிவாகத் தேடுங்கள். க்னூட் பூவென் பிடில், எய்னார் ஸ்டேன்-நொக்லெபெர்க் பியானோ, சிமாக்ஸ் நிறுவனம். கிரீக் எங்கே நேராக்கினார், எங்கே கரடுமுரடாகவே விட்டார் என்பது தெரியும். கிரீக் என்றால் ‘பேர் கின்ட்’டின் காலைப் பாட்டு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது மருந்து.

மெட்டல் பக்கத்திலிருந்து இதே கிராமத்துக்கு வந்தவர் எய்னார் செல்விக். கோர்கொரோத் குழுவில் டிரம்ஸ் அடித்தவர், வார்ட்ரூனா ஆரம்பித்து பழைய நார்ஸ் வாத்தியங்கள், தோல் கருவிகள், கொம்புகள் என்று போய்விட்டார். 2009, 2013, 2016 என மூன்று ஆல்பத் தொகுதி. 2014இல் அரசியல் சாசனத்தின் 200ஆம் ஆண்டுக்காக இவரும் என்ஸ்லேவ்ட் இவார் பியர்ன்சனும் ‘ஸ்குக்ஷோ’ என்ற படைப்பைச் செய்தார்கள். சர்ச் எரிந்து இருபத்திரண்டு ஆண்டில் சாசன விழாவுக்கு பிளாக் மெட்டல்காரர்கள். இரும்புச்செவி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரும்புச்செவி | பிப்ரவரி 12, இரவு 11.35

சாக்ஸபோன் இல்லைல, அது போதும்.

வடகடல் | பிப்ரவரி 13, காலை 8.10

வடக்கை விட்டிட்டியள். அங்கத்தைய பழங்குடியான சாமி மக்களின்ர யொய்க் பாட்டு? மாரி பொய்னேன்ர ‘குலா குலா’ 1989. அதைக் கேக்காமல் நோர்வே முடியாது.

பின்னட்டை | பிப்ரவரி 13, இரவு 9.05

முடியாதுதான். ‘குலா குலா’ கேட்டபின் கொஃபியர்டில் நடக்கும் ரிட்டு ரிட்டு விழாவின் நிகழ்ச்சி வரிசைகளைப் பாருங்கள், சாமி இசைக்காரர்களின் பெயர்கள் அதிலேயே இருக்கும். 2019 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பார்வையாளர் ஓட்டில் முதலிடம் வந்த கெய்னோ குழுவிலும் ஒருவர் யொய்க் பாடினார். அந்தப் பாட்டு எனக்கு ரொம்ப இனிப்பு, ஆனால் யொய்க் வருகிற இடத்தில் காது நிமிரும்.

இன்னும் வடக்கே ட்ரொம்ஸொ. பயோஸ்பியர் என்கிற கெய்ர் யென்சன், ‘சப்ஸ்ட்ராட்டா’ 1997. தாளமே இல்லாத ஆம்பியன்ட். நீர், காற்று, தூரத்துப் பேச்சு. இரவில் ஹெட்ஃபோனில், மிகக் குறைந்த ஒலியில். இவரும் டெத்ப்ராடும் சேர்ந்து ஆர்னெ நூர்ட்ஹெய்ம் என்ற சாஸ்திரிய இசையமைப்பாளரின் பழைய எலக்ட்ரானிக் படைப்புகளை 1998இல் மறுவார்ப்பு செய்தார்கள். மறுபடி அதே ஹெல்கெ ஸ்டென். எந்தத் தெருவில் போனாலும் இந்த ஆள் எதிரே வருவார்.

ரொய்க்ஸாப்பும் ட்ரொம்ஸொக்காரர்கள்தான், பெர்கனுக்குக் குடிபோனபின் ‘மெலடி ஏ.எம்.’ 2001. அதில் ‘புவர் லீனோ’ பாடியவர் எர்லென்ட் ஒய்யெ, கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ் இருவரில் ஒருவர். அவர்களுடைய ‘குவயட் இஸ் த நியூ லவுட்’ அதே ஆண்டு, அதே ஊர்: இரண்டு கிட்டார், இரண்டு குரல். ஒஸ்லோ பக்கம் லிண்ட்ஸ்ட்ரொமின் ‘வேர் யூ கோ ஐ கோ டூ’ 2008, மூன்றே பாட்டு, முதல் பாட்டு மட்டும் அரை மணிக்கு ஒரு நிமிஷம் குறைவு. டாட் டெர்யெயின் ‘இட்ஸ் ஆல்பம் டைம்’ 2014 அதே பக்கத்து டிஸ்கோ, கொஞ்சம் கிண்டலோடு.

புதுக்காது | பிப்ரவரி 14, இரவு 8.00

பாப்? என் தங்கச்சி சிக்ரிட், ஆரோரா கேக்குறா.

பின்னட்டை | பிப்ரவரி 14, இரவு 10.15

அவளுக்கு சுசான்னெ சுன்ட்ஃபர் கொடுங்கள். ‘டென் லவ் சாங்ஸ்’ 2015. சிந்தசைசர் பாப்புக்கு நடுவே ‘மெமோரியல்’ என்று பத்து நிமிடப் பாட்டு, அதன் நடுப்பகுதி முழுக்க சேம்பர் இசை. அது பிடித்தால் ‘த பிராத்தல்’ 2010. அங்கேயும் திருப்தி இல்லையென்றால் யென்னி ஹ்வால், ‘அபோகலிப்ஸ், கேர்ள்’ 2015.

ஆனால் ஒன்று. ஆளைப் பிடித்துப் போகிற என் முறை பாப்பிலும் ராப்பிலும் அவ்வளவாக ஓடாது. பாப் பாட்டை எழுதுவதும் தயாரிப்பதும் லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ், ஸ்டாக்ஹோம் என்று சிதறிக் கிடக்கும். கிரெடிட்டைத் தொட்டால் நார்வேக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். ராப் மொழியோடு கட்டுண்டது. கார்ப்பெ இருவர், சிராக் குஜராத்தி வம்சாவளி, மாக்டி எகிப்திய வேர். 2022 ஆகஸ்டில் ஒஸ்லோ ஸ்பெக்ட்ரம் அரங்கில் பத்து இரவு. மொழி தெரியாமல் கேட்டாலும் தாளம் பிடிக்கும், வரிகளின் கேலி மட்டும் கைவிட்டுப் போகும். இந்தப் பக்கத்துக்கு வானொலிதான் வழி: நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கேயின் பி13, கூடவே புதியவர்கள் தாங்களே பாட்டு ஏற்றும் ‘உரெர்ட்’.

அ-ஹாவையும் இளக்காரம் செய்யவேண்டாம். ‘டேக் ஆன் மீ’ 1984இல் வந்து ஓடவில்லை. வேறு தயாரிப்பாளர் ஆலன் டார்னியிடம் திரும்பப் பதிவு செய்து, பென்சில் கோட்டு வீடியோவோடு 1985இல் வந்ததுதான் அமெரிக்காவில் முதலிடம் போனது. இரண்டு வடிவமும் கிடைக்கிறது, அடுத்தடுத்துக் கேளுங்கள். 2017இல் கிஸ்கெ தீவில் அக்கூஸ்டிக்காகப் பதிவு செய்த கச்சேரியில் அதே பாட்டு மெதுவாக, கிட்டத்தட்ட இரங்கற்பா மாதிரி ஆகியிருக்கும்.

தாளக்கட்டை | பிப்ரவரி 15, காலை 10.20

தட்டு வாங்கணும்னா? அங்கேருந்து வரவழைச்சா தபால் செலவு தட்டு விலையைத் தாண்டுதே.

பின்னட்டை | பிப்ரவரி 15, மாலை 5.45

தாண்டும். அதனால் வழி பிரித்துக்கொள்ளுங்கள். டார்க்த்ரோனின் பழைய ஆல்பங்கள் இங்கிலாந்தின் பீஸ்வில் நிறுவனம் போட்டவை, ஈசிஎம் ஜெர்மனி. இவற்றுக்கு நார்வேக் கடை தேவையே இல்லை. ரூனெ கிராமஃபோன், ஹூப்ரோ மாதிரிச் சிறு நிறுவனங்களைப் பேண்ட்கேம்பில் டிஜிட்டலாக வாங்குங்கள். ஃபிளாக் கோப்பு எடுத்துக்கொண்டால் தரம் சிடியேதான். வினைல் கட்டாயம் வேண்டுமென்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழையுங்கள், சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு. அட்டைக்குள்ளிருந்து தட்டை வெளியே எடுத்துத் தனியாக வைத்து அனுப்பச் சொல்லிக் குறிப்பு எழுதுங்கள். உள்ளேயே இருந்தால் பயணத்தில் தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

புதுக்காது | பிப்ரவரி 16, இரவு 11.50

‘சாங் ஃபார் எவ்ரிஒன்’ ரெண்டு தடவை ஓடிருச்சு. காங்ஸ்ஹாவ்க் பேரைத் தொட்டுப் பார்த்தேன், பக்கம் முடியவே மாட்டேங்குது. எங்க நிறுத்துறது?

பின்னட்டை | பிப்ரவரி 17, காலை 7.05

1974க்குப் போங்க. கீத் ஜாரெட், ‘பிலாங்கிங்’. சாக்ஸபோன் அதே கார்பாரெக், டிரம்ஸ் யோன் கிறிஸ்டென்சன். அப்புறம் கிறிஸ்டென்சன் பேரைத் தொடுங்க.